ஜப்பானியமும் ஸ்பானிஷும் ஆங்கிலத்துக்கு: எந்தச் செயலி, எதற்கு, எவ்வளவு நம்பலாம்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் பொறுமை இருப்பவர்கள் படிக்கலாம். கடைப் பலகை, மெனு, ரயில் நிலைய அறிவிப்பு, ஹோட்டல் அறைக் கதவில் ஒட்டியிருக்கும் விதிமுறை, இதெல்லாம் ஜப்பானியத்திலோ ஸ்பானிஷிலோ இருந்து ஆங்கிலத்தில் புரிந்தால் போதும் என்றால் கூகுள் டிரான்ஸ்லேட் போதும், காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். நீளமான அலுவலக மின்னஞ்சல் என்றால் டீப்எல் என்ற மொழிபெயர்ப்புச் செயலியையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மனிதர்கள் பார்த்துக்கொள்ளும்போதும், பிரியும்போதும், சாப்பிடும் முன்பும், உதவி கேட்கும்போதும், மறுக்கும்போதும் சொல்கிற இரண்டு மூன்று சொல் வாக்கியங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு மட்டும் எந்தச் செயலி தரும் ஒற்றை ஆங்கில வரியையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து வரிப் பத்தியை ஒழுங்காக மாற்றிக் கொடுக்கும் செயலி இந்தச் சின்ன வாக்கியங்களில்தான் சறுக்குகிறது. அதற்குக் காரணம் ஜப்பானியமோ ஸ்பானிஷோ இல்லை, போய்ச் சேருகிற ஆங்கிலம்தான் என்பது என் எண்ணம். தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் வேலையில் ஒரு பக்கம் ஜப்பானிய வாடிக்கையாளர், இன்னொரு பக்கம் மெக்சிகோவில் ஒரு குழு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஆங்கிலம். அதனால் இந்தச் செயலிகள் எனக்குச் சுற்றுலாச் சாமான் இல்லை, தினமும் காலையில் திறக்கிற ஜன்னல். ஜப்பானில் சுற்றவும் இவற்றைத்தான் நம்பினேன்.

முதலில் பாராட்டு. கூகுள் டிரான்ஸ்லேட் 2006-ல் வந்தபோது புள்ளியியல் முறையில் துண்டு துண்டாக மாற்றிக்கொண்டிருந்தது. 2016 நவம்பரில் நரம்பியல் வலைப்பின்னல் முறைக்கு மாறியபோது, ஆங்கிலத்தோடு ஜோடி சேர்த்து முதலில் மாற்றப்பட்ட எட்டு மொழிகளில் ஜப்பானியமும் ஸ்பானிஷும் இருந்தன. அதற்கு முன் ஜப்பானிய வாக்கியத்தைக் கொடுத்தால் சொற்கள் எல்லாம் வந்துவிடும், யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது மட்டும் வராது. வினை கடைசியில் வருகிற மொழியை வினை நடுவில் வருகிற மொழிக்குத் துண்டு துண்டாக மாற்றினால் வேறென்ன வரும்? இப்போது முழு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்வதால் அந்தக் குழப்பம் பெருமளவு போய்விட்டது. ஸ்பானிஷ் இன்னும் சுலபம், அமைப்பிலேயே ஆங்கிலத்துக்கு நெருக்கம், பயிற்சிக்கான எழுத்தும் மலைமலையாக இருக்கிறது. செய்தி, அறிக்கை, வழிமுறை மாதிரியான ஸ்பானிஷ் எழுத்தை ஆங்கிலத்துக்கு மாற்ற எந்த முன்னணிச் செயலியை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

கேமரா வசதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போனைப் பலகைக்கு நேராகப் பிடித்தால் அதே இடத்தில் ஆங்கிலம் தெரிகிற இந்த வித்தை, 2010-ல் வேர்ட் லென்ஸ் என்ற தனிச் செயலியாக வந்தது, அப்போது ஆங்கிலமும் ஸ்பானிஷும் மட்டும். 2014-ல் கூகுள் அதை வாங்கி, அடுத்த ஆண்டு தன் செயலிக்குள் சேர்த்தது. ஜப்பானியம் 2017-ல் வந்தது. ஜப்பானில் இதன் அருமை ராமென் கடை வாசலில் தெரியும். பல கடைகளில் முதலில் இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு எடுக்க வேண்டும், இயந்திரம் முழுக்கப் பொத்தான், பொத்தான் முழுக்க கான்ஜி என்ற சீன வடிவ எழுத்து, பின்னால் வரிசை நிற்கிறது. அந்த நேரத்தில் எது பன்றி இறைச்சி, எது கூடுதல் நூடுல்ஸ், எது முட்டை என்று காட்டிக்கொடுத்தால் போதும், இலக்கணம் எப்படி இருந்தால் என்ன! அச்செழுத்து என்றால் கேமரா நன்றாகவே வேலை செய்கிறது. மரப்பலகையில் தூரிகையால் மேலிருந்து கீழாக எழுதியிருந்தால் திணறும். அங்கே விரலால் எழுத்தை வரைந்து தேடும் வசதியைப் பயன்படுத்துங்கள், மெதுவானது, ஆனால் உதவும்.

மெனுவில் வேறு ஒரு சங்கடம் உண்டு. ஜப்பானியர்கள் சாப்பாட்டுக்குப் பெயர் வைப்பதில் ரசனைக்காரர்கள். ஒயாகொதொன் என்றால் சொல்லுக்குச் சொல் பெற்றோர்-பிள்ளைக் கிண்ணம், கோழியும் முட்டையும் சோற்றின் மேல். கித்சுனே உதோன் என்றால் நரி நூடுல்ஸ், உள்ளே இருப்பது பொரித்த டோஃபு. சுகிமி என்று வந்தால் நிலா பார்த்தல், அதாவது மேலே முழுசாக ஒரு முட்டையை உடைத்து ஊற்றியிருக்கிறார்கள். ஸ்பானிஷிலும் இதே கதைதான், கியூபாவின் ரோபா வியேஹா என்பது பழந்துணி, உண்மையில் நார் நாராகப் பிய்த்த மாட்டிறைச்சி. மெக்சிகோவின் பீகோ தெ காயோ என்பது சேவல் அலகு, உண்மையில் தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி நறுக்கிப் போட்ட பச்சடி. செயலி சில நேரம் பெயரை அப்படியே விட்டுவிடும், சில நேரம் சொல்லுக்குச் சொல் மாற்றிவிடும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள், முட்டை சேர்க்காதவர்கள், மாட்டிறைச்சி, பன்றி தவிர்ப்பவர்கள் உணவின் பெயர் மொழிபெயர்ப்பை நம்பி ஆர்டர் கொடுக்கவே கூடாது, அந்தப் பெயரைத் தேடிப் படத்தைப் பாருங்கள். நரி நூடுல்ஸில் நரியும் இல்லை, இறைச்சித் துண்டும் இல்லை, ஆனால் குழம்பு பெரும்பாலும் மீனில் செய்தது. இதை எந்த மொழிபெயர்ப்பும் சொல்லாது.

சரி, இப்போது அந்தச் சின்ன வாக்கியங்களுக்கு வருகிறேன்.

ஜப்பானில் எந்த கொன்பினிக்குள் போனாலும், அதாவது இருபத்துநாலு மணி நேரக் கடை, கல்லாவில் இருப்பவர் கேட்கிற கேள்விகளில் நான், நீங்கள் என்று ஆள் வராது. "அதாதமெமாஸ் கா?" சூடாக்கவா, அவ்வளவுதான். யார் சூடாக்குவது, எதை, ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது என்பதால் செயலி எதையாவது பிடித்துப் போட்டாக வேண்டும். நான் சூடாக்கவா என்று வருவதற்குப் பதில் நீங்கள் சூடாக்குவீர்களா என்று வந்துவிட்டால், கையில் சோற்று டப்பாவோடு நிற்பவருக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியாது. இதையே தமிழில் யோசியுங்கள், நம் ஊர்க் கடையிலும் "சூடு பண்ணட்டுமா" என்றுதான் கேட்பார்கள், "நான்", "இதை" எதுவும் வராது.

அடுத்த கேள்வி பை. 2020 ஜூலையிலிருந்து ஜப்பானில் பிளாஸ்டிக் பைக்குக் கட்டாயம் காசு வாங்க வேண்டும் என்று சட்டம் வந்ததால் எல்லாக் கடையிலும் இந்தக் கேள்வி நிச்சயம். "ஃபுகுரோ வா தாய்ஜோபு தெஸ் கா" என்று கேட்பார்கள், "தாய்ஜோபு தெஸ்" என்று சொன்னால் பை வேண்டாம் என்று அர்த்தம். செயலியிடம் தாய்ஜோபு என்றால் ஓகே, ஆல்ரைட், ஃபைன். ஓகே என்றால் பை வேண்டும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஜப்பான் போகிற தமிழர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான்: தாய்ஜோபு என்று கேட்டால் பரவாயில்லை என்று மனதில் போட்டுப் பாருங்கள். "காபி குடிக்கிறீங்களா?" "இருக்கட்டும், பரவாயில்லீங்க." நாமும் இதைச் சொல்லித்தான் வேண்டாம் என்கிறோம். விழுந்தவரைத் தூக்கிவிட்டால் அவர் சொல்வதும் பரவாயில்லை, மன்னிப்புக் கேட்டால் பதில் சொல்வதும் பரவாயில்லை. தாய்ஜோபு இந்த மூன்று இடத்திலும் அப்படியே வந்து உட்காரும். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று வேறு வாக்கியம் வேண்டும், எது என்று முடிவெடுக்கச் செயலிக்குக் கடையும் தெரியாது, விழுந்தவரும் தெரியாது.

அலுவலகத்தில் இது இன்னும் முக்கியம். "யொரோஷிகு ஒனெகாய்ஷிமாஸ்" என்பதை ஜப்பானிய மின்னஞ்சலின் கடைசி வரியில் பார்க்காத நாள் இல்லை. முதல்முறை அறிமுகமாகும்போது நைஸ் டு மீட் யூ என்று வரும், வேலை ஒப்படைக்கும்போது தேங்க் யூ இன் அட்வான்ஸ் என்று வரும், மின்னஞ்சல் முடிவில் பெஸ்ட் ரிகார்ட்ஸ் என்று வரும். மூன்றும் தவறில்லை. ஆனால் மூன்றையும் படிக்கிற ஒருவருக்கு அது ஒரே சொற்றொடர் என்பதே தெரியாமல் போகிறது. "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று நாம் சொல்வதுதான் இதற்கு நான் கண்டதில் மிக நெருக்கம். பையனைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வாத்தியாரிடம் சொல்கிறோம், புது வேலையில் சேர்ந்த அன்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்கிறோம், ஊருக்குப் போகும்போது எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுச் சொல்கிறோம்.

"ஒட்சுகரேசமா" என்பதற்கு தேங்க் யூ ஃபார் யுவர் ஹார்ட் ஒர்க் என்று வருகிறது. மாலையில் கிளம்புகிறவர் சொல்கிறார், இருப்பவர்களும் திருப்பிச் சொல்கிறார்கள், கூட்டம் முடிந்ததும் சொல்கிறார்கள், சிலர் காரிடாரில் எதிரே பார்த்தாலே சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் உங்கள் கடின உழைப்புக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் படித்தால், நாம் என்ன அப்படி உழைத்துவிட்டோம் என்று தோன்றும். இதில் ஆபத்தான இடம் ஒன்று உண்டு. "கொகுரோசமா" என்று இன்னொன்று இருக்கிறது, அதற்கும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய இதே வரிதான், ஆனால் அது மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் சொல்வது. ஆங்கிலத்தை மட்டும் பார்த்துப் பழகியவர் வாடிக்கையாளர் நிறுவனத்தின் மேலாளரிடம் கொகுரோசமா என்று எழுதிவிட்டால், எதிரே இருப்பவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் நிச்சயம் கவனிப்பார். இதை எச்சரிக்கிற வசதி நான் பயன்படுத்திய எந்த மொழிபெயர்ப்புச் செயலியிலும் இல்லை. இருந்தால் அதற்குக் காசு கொடுக்கக்கூட நான் தயார்.

வேலை சம்பந்தமாக எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது "கென்தோ ஷிமாஸ்". வீ வில் கன்சிடர் இட் என்று கச்சிதமாக மொழிபெயர்க்கும், அகராதிப்படி சரியும்கூட. அதை நம்பி அடுத்த வாரம் பதில் வரும் என்று திட்டத்தில் எழுதி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "பார்க்கலாம்ங்க" என்று சொன்னால் கல்யாண மண்டபம் தேடவா ஆரம்பிப்போம்? நிஜமாகவே பரிசீலிப்பவர்களும் இதையேதான் சொல்வார்கள், அதுவும் உண்மை. வித்தியாசம் தேதி சொல்கிறார்களா என்பதில் தெரியும். அதே மாதிரி "சொரெ வா சோத்தோ" என்று இழுத்து நிறுத்தினால் செயலி தேட்ஸ் எ லிட்டில் என்று அரைவாக்கியம் கொடுக்கும். தமிழில் "அது கொஞ்சம்..." என்று யாராவது இழுத்தால் மீதியைச் சொல்ல வேண்டுமா நமக்கு?

இனி நான் உண்மையிலேயே ஆசைப்பட்டு எழுத நினைத்த இடம். ஜப்பானியர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்வது "இத்தெகிமாஸ்". இத்தே என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன். போயிட்டு வரேன்! உள்ளே இருப்பவர் பதிலுக்குச் சொல்லும் "இத்தெரஷ்ஷாய்" என்பது போயிட்டு வாங்க. ஆங்கிலத்துக்கு மாற்றினால் ஐ ஆம் லீவிங், ஐ ஆம் ஆஃப், சீ யூ லேட்டர் என்று வரும். போகிறேன் என்று சொல்லக் கூடாது என்று நம் பாட்டிகள் எதற்காகத் திருத்தினார்களோ அந்த வரேன் என்ற பாதி ஆங்கிலத்தில் கழன்று விழுந்துவிடுகிறது. இது ஒற்றைத் தற்செயல் இல்லை. தபெதே மிரு என்பதில் தபெதே சாப்பிட்டு, மிரு பார், அதாவது சாப்பிட்டுப் பார். கத்தே ஒகு என்பதில் கத்தே வாங்கி, ஒகு வை, அதாவது வாங்கி வை. தபெதே ஷிமத்தா என்பது சாப்பிட்டுவிட்டேன், சாப்பிட்டிருக்கக் கூடாது என்ற தொனியும் அதில் வரலாம், சாப்பிட்டுத் தொலைச்சுட்டேன் என்கிற மாதிரி. ஆங்கிலம் ட்ரை ஈட்டிங் என்கிறது, பை இன் அட்வான்ஸ் என்கிறது, கடைசியதை வெறுமனே ஐ ஏட் இட் என்று விட்டுவிடுகிறது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று நிறைய எழுதினார், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எனக்கு அந்த வழக்கு தேவையே இல்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாக்கியம் கட்டுகிற விதம் இவ்வளவு ஒத்துப்போகிறது, அந்த வசதியை விட்டுவிட்டு ஏன் ஆங்கில வரியோடு நிற்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

ஸ்பானிஷ் ஆங்கிலத்தின் பக்கத்து வீடு மாதிரி என்று நினைப்போம், ஆனால் அன்றாடப் பேச்சில் அது பல இடத்தில் நம் பக்கம் நிற்கிறது. "மே குஸ்தா" என்பதை ஐ லைக் இட் என்று செயலி தரும், உண்மையான கட்டு எனக்குப் பிடிக்கிறது. "மே துஎலே லா கபேசா", எனக்குத் தலை வலிக்கிறது. ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் கற்பவர்கள் இந்த எனக்கு-வில் மாதக்கணக்கில் தடுமாறுவதைப் பார்க்கிறேன், தமிழ் வழியாக யோசித்தால் அதில் தடுமாற ஒன்றுமே இல்லை. மெக்சிகோ சகா ஒருவர் மின்னஞ்சலில் ஃபைலை இணைக்காமல் அனுப்பிவிட்டு "செ மே ஒல்விதோ" என்று எழுதுவார், ஐ ஃபர்காட் என்று மாறும். அர்த்தம் வந்துவிட்டது, ஆனால் ஸ்பானிஷில் மறந்தது அவர் செய்த வேலை இல்லை, அவருக்கு நேர்ந்த ஒன்று. எனக்கு மறந்துபோச்சு என்பதற்கும் நான் மறந்துவிட்டேன் என்பதற்கும் இருக்கிற அந்த மெல்லிய வித்தியாசம்தான். தட்டு கைதவறி விழுந்தால் "செ மே காயோ" என்பார்கள், அதையும் ஆங்கிலம் ஐ ட்ராப்ட் இட் என்று குற்ற ஒப்புதல் மாதிரி ஆக்கிவிடும்.

பிறகு மரியாதை. தூ என்றால் நீ, உஸ்தெத் என்றால் நீங்கள், ஆங்கிலத்தில் இரண்டும் யூ. ஒரு வாடிக்கையாளர் உங்களை நீங்கள் என்று அழைத்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் நீ-க்கு மாறினார் என்றால் அது செய்தி, நெருக்கம் கூடியிருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் படிக்கிறவருக்கு அந்தச் செய்தி வந்து சேரவே சேராது. இதிலும் ஊருக்கு ஊர் வழக்கு மாறும், ஸ்பெயினில் சட்டென்று தூ-வுக்கு வந்துவிடுவார்கள், கொலம்பியாவின் பல பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே உஸ்தெத் ஓடும், அர்ஜென்டினாவில் தூ-வுக்குப் பதில் வோஸ். கோவைப் பக்கம் சின்னப் பிள்ளையைக்கூட வாங்க போங்க என்று அழைப்பதைக் கேட்டவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இந்த ஊர் வித்தியாசம்தான் ஸ்பானிஷில் செயலிகளின் நிஜமான பலவீனம். இருபது நாடுகளில் அரசு மொழியாக இருக்கும் ஒன்றை கூகுள் டிரான்ஸ்லேட் ஸ்பானிஷ் என்று ஒரே பெயரில்தான் மூலமொழியாக எடுத்துக்கொள்கிறது. தொர்தீயா ஸ்பெயினில் உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை, மெக்சிகோவில் சோள மாவு ரொட்டி. குவாகுவா கியூபாவில் பேருந்து, சிலியில் கைக்குழந்தை. கொஹேர் என்ற வினை ஸ்பெயினில் பேருந்தில் ஏறுவதற்கெல்லாம் சாதாரணமாகச் சொல்வது, மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் வெளியில் சொல்லக் கூடாத கெட்ட வார்த்தை. ஸ்பெயின்காரர் எஸ்தோய் கொன்ஸ்திபாதோ என்றால் சளி பிடித்திருக்கிறது, ஆங்கிலச் சாயலைப் பார்த்து மலச்சிக்கல் என்று எண்ணிவிட வேண்டாம். மெக்சிகோவின் "அஓரிதா" மட்டும் எனக்கு மிகவும் பிடித்துப்போன சொல், ரைட் நவ் என்று செயலி சொல்லும், ஆனால் சொல்பவரின் குரலைப் பொறுத்து அது இந்த நிமிடமாகவும் இருக்கலாம், சாயந்திரமாகவும் இருக்கலாம், நடக்காமலே போகவும் செய்யலாம். "இதோ வந்துட்டேன், பக்கத்துலதான் இருக்கேன்" என்று குளியலறையில் இருந்து போன் எடுப்பவர்கள் உள்ள ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். வேலை விஷயத்தில் அஓரிதா என்று பதில் வந்தால் எத்தனை மணிக்கு என்று நான் மரியாதையாகத் திருப்பிக் கேட்டுவிடுவேன், யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

சாப்பாட்டு வாக்கியத்தில் இரண்டு மொழியும் சந்திக்கிற ஒரு சுவையான இடம் இருக்கிறது. ஜப்பானியர் சாப்பிடும் முன் "இதாதகிமாஸ்" என்கிறார், சாப்பிடுகிறவரே பணிவாகப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்வது. மெக்சிகோவில் "ப்ரொவெச்சோ" என்பது அடுத்தவரைப் பார்த்துச் சொல்வது, நன்றாகச் சாப்பிடுங்கள், உடம்பில் ஒட்டட்டும் என்கிற மாதிரி. உணவகத்தில் சாப்பிட்டு முடித்து வெளியே போகிற முன்பின் தெரியாதவர்கள்கூட மற்ற மேசைக்காரர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள், நாம் க்ராசியாஸ் என்று சொன்னால் போதும். திசையே எதிரெதிரான இந்த இரண்டுக்கும் ஆங்கிலத்தில் பல நேரம் ஒரே பதில் வருகிறது, போன் அப்பெதீ. அதுவும் பிரெஞ்சிலிருந்து வாங்கியது.

மற்ற செயலிகளைப் பற்றிச் சுருக்கமாக. டீப்எல் ஜெர்மனியின் கொலோனில் இருந்து 2017-ல் வந்தது, ஸ்பானிஷ் தொடக்கத்திலிருந்தே உண்டு, ஜப்பானியம் 2020-ல் சேர்ந்தது. அதன் ஆங்கிலம் படிக்க இதமாக இருக்கிறது. வந்த வரியில் ஒரு சொல்லைத் தொட்டால் மாற்றுச் சொற்கள் காட்டும், அந்த வசதிதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் மாற்றுகளைப் பார்த்தால்தான் மூல வாக்கியம் எவ்வளவு அகலம் என்று புரியும். ஆனால் ஒன்று, ஆங்கிலம் வழவழப்பாக வந்தால் தவறும் வழவழப்பாகவே வரும், கரடுமுரடான மொழிபெயர்ப்பில் சந்தேகப்படுவோம், இதில் சந்தேகமே வராது. ஜப்பான் அரசு சார்ந்த ஆய்வு நிறுவனம் தயாரித்த வாய்ஸ்டிரா இலவசம், பேசினால் மொழிபெயர்த்து, அதை மறுபடி நம் மொழிக்குத் திருப்பியும் காட்டும். ஜப்பானுக்குப் போகிற எல்லாரும் இதைப் போட்டுக்கொள்ளுங்கள், குறுகிய பயண வாக்கியங்களுக்கு மிகவும் நல்லது. திருப்பிக் காட்டுவது சரியாக வந்தாலே எல்லாம் சரி என்று ஆகிவிடாது, இடையில் மரியாதை நிலை மாறியிருந்தால் திரும்பி வரும் ஆங்கிலத்தில் அது தெரியாது.

சொற்றொடர்களுக்கு நான் கடைசியில் போவது அகராதிக்குத்தான். ஸ்பானிஷுக்கு வேர்ட்ரெஃபரன்ஸ், 1999-லிருந்து இருக்கிறது. பல சொற்றொடர்களுக்கு எந்த நாட்டில் எப்படி என்று குறிப்பு இருக்கும், கீழே அந்தந்த நாட்டுக்காரர்கள் வாதம் செய்திருப்பார்கள், அந்த வாதங்களைப் படிப்பதே ஒரு படிப்பு. ஜப்பானியத்துக்கு ஜிஷோ, அதில் பணிவுச் சொல், மரியாதைச் சொல், பேச்சு வழக்கு என்று அடையாளம் போட்டிருப்பார்கள், மரியாதை நிலைச் சிக்கல்கள் சில அங்கே பிடிபடலாம். இரண்டும் இலவசம்.

சாட்ஜிபிடி, ஜெமினை மாதிரியானவற்றைப் பற்றிக் கேட்காமல் இருப்பீர்களா? இந்தச் சின்ன வாக்கியங்களுக்கு அவைதான் இப்போது மேல், காரணம் சூழலைச் சொல்ல முடிகிறது. வெறும் வாக்கியத்தை ஒட்டாமல், சொன்னவர் யார், யாரிடம், எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது, எந்த நாட்டு ஸ்பானிஷ் என்று இரண்டு வரி எழுதிவிட்டுக் கேளுங்கள், பதில் அடியோடு மாறும். தமிழில் இதை எப்படிச் சொல்வார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள். தமிழ் சில நேரம் மேடைப் பேச்சு மாதிரி வரும், பரவாயில்லை, நீயா நீங்களா, கேட்கிறாரா மறுக்கிறாரா என்பது தெரிந்துவிடும். சொல்லின் பிறப்புக் கதை, பண்பாட்டு விளக்கம் என்று அவை தாமாகச் சேர்க்கும் பகுதியை மட்டும் சரிபார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள், தவறையும் அதே உறுதியோடு சொல்லும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது இரண்டு. கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஜப்பானியம், ஸ்பானிஷ் மொழித் தொகுப்புகளை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இணையம் இல்லாதபோது தரம் கொஞ்சம் குறையும், ஆனாலும் பலகை படிக்கப் போதும். அலுவலகக் கோப்பு என்றால், வாடிக்கையாளர் பெயரும் ஒப்பந்த விவரமும் உள்ள எதையும் இலவசச் செயலியில் ஒட்டாதீர்கள், உங்கள் நிறுவனம் எந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்று கேட்டுவிட்டு அதில் மட்டும் செய்யுங்கள்.